கெட்டிஸ்பர்க்கில் பார்த்த 1850 மாதிரி அதிகாரி வாள்: வாங்கலாமா?

ஆற்றங்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து வாள்களில் ஆர்வம் உண்டு என்றாலும், இதுவரை என்னிடம் இருப்பது ஏம்ஸ் நிறுவனம் செய்த 1860 மாதிரிக் குதிரைப்படை வாள் ஒன்று மட்டுமே. அது அரசு கொள்முதல் செய்து சாதாரண வீரர்களுக்கு வழங்கிய வகை. அலகு கைக்காப்பைத் தொடும் இடத்தில் நிறுவனத்தின் பெயர், யு.எஸ். என்ற எழுத்துகள், சோதித்து ஏற்ற அதிகாரியின் முதலெழுத்துகள், 1864 என்ற ஆண்டு ஆகிய எல்லாம் தெளிவாக இருப்பதால் அதை வாங்கும்போது எனக்குப் பெரிய குழப்பம் ஏற்படவில்லை.

இப்போது கெட்டிஸ்பர்க் அருகே ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் அதிகாரிகளுக்கான வாள் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். 1850 மாதிரிக் காலாட்படை அதிகாரி வாள் என்று அவர் சொல்கிறார். அலகு லேசாக வளைந்திருக்கிறது. பித்தளைக் கைக்காப்பில் இலைக்கொடி வேலைப்பாடு இருக்கிறது. உறை கருப்புத் தோலால் ஆனது, நடுவில் முறிந்திருக்கிறது. அலகின் அடிப்பகுதியில் வாளும் கேடயமும் ஏந்தி நிற்கும் போர்வீரன் உருவமும், சோலிங்கன் என்ற ஊரின் பெயரும் உள்ளன. அலகின் முதுகில் 'அயர்ன் ப்ரூஃப்' என்று பொறித்திருக்கிறது. சோதனை முத்திரையோ ஆண்டோ எங்கு தேடியும் காணப்படவில்லை. உறையின் மேல் பித்தளைப் பட்டையில், பென்சில்வேனியப் படைப்பிரிவு ஒன்றின் லெப்டினன்டுக்கு அவருடைய கம்பெனி (படைப்பிரிவின் உட்பிரிவு) வீரர்கள் 1862-இல் அன்பளிப்பாக வழங்கியது என்ற வாசகம் இருக்கிறது. அந்த அதிகாரி பிறகு 1863-இல் நடந்த கெட்டிஸ்பர்க் போரில் கலந்துகொண்டார் என்பது வியாபாரியின் கூற்று. விலை 1,400 டாலர்.

அமெரிக்க அதிகாரியின் வாளில் ஜெர்மானிய ஊரின் பெயர் வருவது முறையா? சோதனை முத்திரை இல்லாததைக் குறையாகக் கருத வேண்டுமா? அந்த வாசகத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். வியாபாரி ஒரு வாரம் எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உறைவாள் எழுதியது:

வணக்கம். உங்கள் முதல் இரண்டு ஐயங்களுக்கும் ஒரே விடைதான். அக்காலத்தில் சாதாரண வீரருக்கு வாளை அரசு கொடுத்தது. அதிகாரி தன் சீருடையைப் போலவே வாளையும் தன் கைப்பணத்தில் வாங்கிக்கொண்டார். அரசு வாங்காத பொருளை அரசு அதிகாரி சோதித்து முத்திரை குத்த வேண்டிய தேவை இல்லை. எனவே அதிகாரி வாள்களில் பெரும்பாலானவற்றில் அந்த முத்திரை இருக்காது. உங்கள் குதிரைப்படை வாளை அளவுகோலாக வைத்து இதைப் பார்த்தால் நல்ல வாளும் போலியாகத் தெரியும்.

1861-இல் போர் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான புதிய அதிகாரிகளுக்கு ஒரே நேரத்தில் வாள் தேவைப்பட்டது. மாசசூசெட்ஸின் ஏம்ஸ், ரோபி போன்ற உள்நாட்டு நிறுவனங்களால் மட்டும் அதை ஈடுசெய்ய முடியவில்லை. பிலடெல்பியாவின் ஹார்ஸ்ட்மன், நியூயார்க்கின் ஸ்கைலர் ஹார்ட்லி கிரஹாம் போன்ற படைப்பொருள் வணிகர்கள் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து அலகுகளையும் முழு வாள்களையும் பெருமளவில் இறக்குமதி செய்து விற்றார்கள். நிற்கும் போர்வீரன் உருவம் அவ்வூரின் கிளாபெர்க் நிறுவனத்தின் முத்திரை. அரசன் தலை முத்திரை இருந்தால் அது வையர்ஸ்பெர்க். அலகின் முதுகில் 'அயர்ன் ப்ரூஃப்' என்ற சொற்கள் இருப்பதும் அந்தக் கால இறக்குமதி வாள்களில் வழக்கமாகக் காணப்படுவதே. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சோலிங்கன் என்பதோடு 'ஜெர்மனி' என்ற நாட்டின் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தால் வாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1890-இல் இயற்றப்பட்ட மெக்கின்லி சுங்கவரிச் சட்டத்துக்குப் பிறகுதான் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிப்பது கட்டாயமானது. உள்நாட்டு முத்திரைகளிலும் இப்படிப்பட்ட தடயங்கள் உண்டு. ஏம்ஸ் வாளில் ஊரின் பெயர் 'கேபட்வில்' என்று இருந்தால் அது 1848-க்கு முந்தைய பெயர். அந்த ஆண்டில்தான் சிக்கோப்பி தனி ஊராகப் பிரிந்தது. 1850 மாதிரி வாளில் கேபட்வில் என்று இருந்தால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி வாளையே பாருங்கள். 1850 மாதிரியில் இரண்டு வகைகள் உண்டு. கேப்டன், லெப்டினன்ட் ஆகியோருக்கானது காலாட்படை அதிகாரி வாள். மேஜருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் உரியது தலைமை அலுவல் மற்றும் களஅதிகாரி வாள். பின்னதன் கைக்காப்பில் இலைக்கொடிகளுக்கு நடுவே யு.எஸ். என்ற எழுத்துகள் வார்ப்பிலேயே இருக்கும். உறையும் உலோகத்தால் ஆனது. நீங்கள் சொல்வது முதல் வகை. லெப்டினன்டின் பெயர் இருப்பதும் அதற்குப் பொருந்துகிறது. இரண்டுமே பிரெஞ்சு அதிகாரி வாள்களைப் பார்த்து அமைக்கப்பட்டவை. 1872-இல் விலக்கிக்கொள்ளப்பட்டு, ஒடுக்கமான நேர் அலகுடைய 1860 மாதிரி வாள் அவற்றின் இடத்தைப் பிடித்தது.

நகலா அசலா என்று பிரிக்கக் கைப்பிடியிலிருந்து தொடங்குவேன். அசலில் மரத்தின் மேல் திருக்கை மீன் தோல் போர்த்தி, முறுக்கிய பித்தளைக் கம்பி சுற்றியிருக்கும். தோலின் மேல் சிறு மணிகள் போன்ற புடைப்புகள் உண்டு. உள்ளங்கை அழுந்தும் பக்கத்தில் அவை தட்டையாகத் தேய்ந்தும், விரல் படாத ஓரங்களில் கூர்மையாகவும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்மானம் தெரிந்தால் அதை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். நூற்று அறுபது ஆண்டுகளில் மரம் சுருங்கிப் பித்தளைக் கம்பி சற்றுத் தளர்ந்திருப்பது இயல்பு. அடுத்து, அலகின் வால் கைப்பிடிக்குள் நுழைந்து தலைக்குமிழின் உச்சியில் வெளிவரும் இடத்தைப் பாருங்கள். அசலில் அந்த முனையைச் சுத்தியலால் அடித்து மழுக்கியிருப்பார்கள். நகல்களில் பெரும்பாலும் திருகாணி இருக்கும். கைக்காப்பின் இலைகளில் அரம் போட்டு, உளியால் நரம்பு கீறிய தடயம் வேண்டும். மணல் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே தெரிந்தால் அது அவசரத்தில் வார்த்த நகல்.

இந்திய வாசகர்களுக்காக ஒரு செய்தி. இந்த நகல்களில் கணிசமானவை நம் டேராடூனில் செய்யப்படுபவை. செய்பவர்கள் வரலாற்று நாடகக் குழுக்களுக்காக, நகல் என்று சொல்லியே விற்கிறார்கள். அதில் குற்றம் ஏதும் இல்லை. இரண்டு மூன்று கை மாறிய பிறகு யாரோ 'இந்தியா' என்ற எழுத்தை அரைத்தெடுத்துவிட்டு, தேநீரிலும் அமிலத்திலும் ஊறவைத்து விற்கும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது. ஆகவே கைக்காப்பை ஒட்டிய பகுதியில் அலகு சற்றே மெலிந்து, அங்கே மட்டும் பளபளப்பு மாறியிருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்க வேண்டும்.

சுங்குவார் எழுதியது:

உறைவாள் ஐயா வாளைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் அந்த வாசகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் 1,400 டாலரில் பாதி அந்தப் பித்தளைப் பட்டைக்குத்தான் கேட்கப்படுகிறது. பெயர் இல்லாத, நடுத்தர நிலையில் உள்ள இவ்வகை வாள்கள் ஆயிரம் டாலருக்குக் கீழே ஏலத்தில் போவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். பெயரும் படைப்பிரிவும் உறுதியானால் விலை இரட்டிப்பாவதும், கெட்டிஸ்பர்க் போன்ற ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டால் அதற்கும் மேலே ஏறுவதும் உண்டு. அசல் வாளில் போலி வாசகம் பொறிப்பதுதான் இந்தத் துறையில் ஆதாயம் மிகுந்த ஏமாற்று. வாளைச் சோதித்து அசல் என்று தெரிந்துகொண்டவர் வாசகத்தையும் அதே மூச்சில் நம்பிவிடுகிறார்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கையால் பிடித்த செதுக்குளி எழுத்தின் கோட்டை மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மீண்டும் மெலிதாக முடிக்கும். கோடு முழுவதும் ஒரே ஆழத்தில் ஓடினால் அது இயந்திர வேலை. எழுத்தின் பள்ளத்துக்குள் இருக்கும் நிறம் சுற்றிலும் உள்ள பித்தளையின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். பழைய எழுத்தின் விளிம்புகள் தலைமுறை தலைமுறையாகத் துடைக்கப்பட்டு மழுங்கியிருக்கும். நகத்தால் தடவினால் பிடிக்காது.

அதைவிட உறுதியான சோதனை, பட்டையில் உள்ள கீறல்களும் நசுங்கல்களும். எழுத்து முதலில் வந்து நசுங்கல் பிறகு வந்திருந்தால், உலோகம் உள்வாங்கும்போது எழுத்தும் சேர்ந்து வளைந்திருக்கும். நசுங்கல் முதலில் இருந்து அதன் மேல் எழுத்து வெட்டப்பட்டிருந்தால், பள்ளத்தின் விளிம்பில் உளி ஆழமாகக் கடித்திருக்கும், பள்ளத்துக்குள் இறங்கும்போது கோடு மெலிந்தோ விட்டுப்போயோ இருக்கும். இந்த வரிசையை மட்டும் மாற்றிக் காட்ட எந்தக் கைதேர்ந்த ஏமாற்றுக்காரனாலும் எளிதில் முடியாது.

பிறகு ஆவணங்கள். தேசியப் பூங்காச் சேவையின் இணையத் தரவுத்தளத்தில் உள்நாட்டுப் போர் வீரர்களின் பெயர்களை இலவசமாகத் தேடலாம். தன்னார்வப் படையினரின் தொகுக்கப்பட்ட பணி ஆவணங்கள் வாஷிங்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பதவி, கம்பெனி, நாள் மூன்றும் வாசகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு காலாட்படைப் பிரிவில் ஏ முதல் கே வரை பத்து கம்பெனிகள் உண்டு. நடுவில் ஜே என்ற எழுத்தை விட்டுவிடுவார்கள். ஜே கம்பெனி வீரர்கள் வழங்கிய வாள் என்று ஒன்று உங்கள் கையில் வந்தால் மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டாம். பென்சில்வேனியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரிசர்வ் என்று பெயர் பெற்ற படைப்பிரிவுகளுக்குத் தமக்குள் ஓர் எண்ணும் மாநிலத்தின் பொது வரிசையில் ஓர் எண்ணும் ஆக இரண்டு எண்கள் இருந்தன. 13-ஆவது ரிசர்வ் என்பதும் 42-ஆவது பென்சில்வேனியா என்பதும் ஒரே பிரிவுதான். எண் மாறியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஆற்றங்கரையான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மீண்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வியாபாரி லென்ஸைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. அவரும் அதை ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் வாங்கியவர்தானாம்.

வாள் அசலாகத்தான் தெரிகிறது. தலைக்குமிழின் உச்சியில் அலகின் முனை அடித்து மழுக்கப்பட்டிருக்கிறது. திருக்கைத் தோலின் தேய்மானம் நீங்கள் சொன்னபடியே ஒரு பக்கமாக இருக்கிறது. அலகில் அமிலத்தால் பொறித்த கழுகும் கொடிகளும் பாதிக்கு மேல் தெரிகின்றன. ஜெர்மனி என்ற பெயர் எங்கும் இல்லை.

வாசகத்தில்தான் சிக்கல். பட்டையில் ஒரு சிறிய நசுங்கல் இருக்கிறது. படைப்பிரிவு எண்ணின் கடைசி இலக்கம் அதன் விளிம்பைக் கடந்து போகிறது. விளிம்பில் கோடு தடித்தும் பள்ளத்துக்குள் மெலிந்தும் இருக்கிறது. தரவுத்தளத்தில் அந்தப் பெயருடையவர் உண்மையிலேயே அந்தப் பிரிவில் இருந்திருக்கிறார், ஆனால் சார்ஜன்டாகச் சேர்ந்து லெப்டினன்டாக வெளியேறியதாகத்தான் தெரிகிறது. மாநில அரசு தொகுத்த பெயர்ப்பட்டியலில் அவர் பதவி உயர்வு பெற்ற நாள் 1863-ஆம் ஆண்டின் பிற்பகுதியாக இருக்கிறது. வாசகமோ 1862 என்கிறது. இது போதுமான ஆதாரமா?

இன்னும் ஒன்று: வாங்கினால் அலகில் உள்ள துருவையும் பித்தளையில் படிந்திருக்கும் பச்சைக் களிம்பையும் எப்படி நீக்குவது?

சுங்குவார் எழுதியது:

நாள் வேறுபாட்டைத் தனியாக எடுத்துக்கொண்டால் நான் சற்று நிதானிப்பேன். தன்னார்வப் படைகளில் அதிகாரி நியமனத்தை மாநில ஆளுநர் வழங்கினார். கூட்டாட்சி அரசின் பதிவேட்டில் அந்தப் பதவியில் சேர்க்கப்படுவது பிறகு நடந்தது. இடையில் வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள்கூடக் கழிந்தன. ஆனால் ஒரு வருட இடைவெளி இருப்பதும், நசுங்கலின் மேல் எழுத்து ஓடுவதும், இரண்டும் சேர்ந்து வரும்போது எனக்கு ஐயம் மிச்சம் இல்லை. பட்டியலில் உண்மையான பெயர் ஒன்றைத் தேர்ந்து, அவர் கடைசியாக வகித்த பதவியைப் போட்டு, பரபரப்பான ஓர் ஆண்டைச் சேர்த்துப் பொறிப்பது இவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். நீங்கள் வாங்குவதானால் பெயரில்லாத வாளின் விலைக்கு, உறை முறிந்திருப்பதையும் கழித்துக்கொண்டு கேளுங்கள். வியாபாரியிடம் காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அடுத்தவரிடம் அதே கதையைச் சொல்லாமல் இருக்க அது உதவும்.

அலைகடல் எழுதியது:

துரு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் கடற்படை அதிகாரிகளின் 1852 மாதிரி வாள்களைச் சேகரிப்பவன். உப்புக் காற்றில் காலம் கழித்த அலகுகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. முதலில் செய்ய வேண்டியது, ஆர்வத்தை அடக்கிக்கொள்வது. அமிலத்தால் பொறித்த வேலைப்பாடு தலைமுடியின் தடிமன்கூட ஆழமில்லாதது. உப்புத்தாளோ இரும்பு நாரோ ஒரு முறை பட்டால் கழுகின் இறகுகள் போய்விடும், திரும்ப வராது. ஓடிக்கொண்டிருக்கும் சிவப்புத் துருவை மட்டும் இலகுவான எண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியாலோ மூங்கில் சீவலாலோ தளர்த்தி, பருத்தித் துணியால் எடுங்கள். அடர்ந்து கறுத்த பழைய படலம் அலகைக் காக்கிறது. அதைத் தொட வேண்டாம். பித்தளையில் உள்ள பச்சைக் களிம்பை மட்டும் மரக்குச்சியால் எடுத்துவிட்டு, பழுப்பு நிறத்தை அப்படியே விடுங்கள். கடையில் கிடைக்கும் பித்தளை பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கப்பட்ட வாளைச் சேகரிப்பாளர்கள் தள்ளிவைக்கிறார்கள். முன்பிருந்தவர் தங்க முலாமையும் சேர்த்தே தேய்த்திருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சுத்தம் செய்த பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவாக்கப்பட்ட ரெனைசான்ஸ் மெழுகை மிக மெலிதாகப் பூசுகிறேன். வெறும் கையால் அலகைத் தொடாதீர்கள். வியர்வையில் உள்ள உப்பு சில நாள்களிலேயே விரல் ரேகையைத் துருவாக எழுதிக் காட்டிவிடும்.

உறைவாள் எழுதியது:

அலைகடல் சொன்னதில் மெழுகைப் பற்றி மட்டும் எனக்குச் சிறு மாற்றுக் கருத்து. ஆண்டு முழுவதும் ஒரே ஈரப்பதம் இருக்கும் அறையில் மெழுகு மிகச் சிறந்தது. பென்சில்வேனியக் கோடைக்காலத்து நிலவறையில் வைப்பதானால், மாதம் ஒரு முறை துடைத்துப் பூசும் மெல்லிய எண்ணெயே எனக்கு நம்பிக்கை தருகிறது. துடைக்கும் சாக்கில் அலகை அடிக்கடி பார்த்துவிடலாம்.

மெழுகோ எண்ணெயோ எதுவானாலும், அலகைத் தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் அது உறிஞ்சிய ஈரமும் இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். காட்சிக்கு வைக்கும்போது வாளையும் உறையையும் அருகருகே படுக்கவைப்பதே நல்லது.

அலைகடல் எழுதியது:

அது சரிதான் ஐயா. என்னிடம் நிலவறை இல்லை.

ஆற்றங்கரையான் அவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வாள் கைக்கு வராமல் போனாலும் வருந்த வேண்டாம். தொடக்கத்தில் பழகிக்கொள்ள 1902 மாதிரிப் படை அதிகாரி வாள் நல்லது. எல்லாப் பிரிவு அதிகாரிகளுக்கும் பொதுவாக விதிக்கப்பட்டது என்பதால் ஏராளமாகக் கிடைக்கிறது. சில நூறு டாலரில் நல்ல நிலையில் வாங்கலாம். பல வாள்களில் அதிகாரியின் பெயர் அலகிலேயே அமிலத்தால் பொறிக்கப்பட்டிருக்கும். அது வாள் செய்யும்போதே இட்டது, ஆகவே பின்னால் சேர்ப்பது கடினம்.

ஒடுக்கமான நேர் அலகும் தலைக்குமிழில் போர்க்கவசத் தலையும் உள்ள வாள்களை 'உள்நாட்டுப் போர் அதிகாரி வாள்' என்று யாராவது நீட்டினால் ஒதுங்கிவிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை நைட்ஸ் டெம்ப்ளர், நைட்ஸ் ஆஃப் பித்தியஸ் போன்ற சகோதரத்துவச் சங்கங்களின் ஊர்வல வாள்கள். எஃப்.சி.பி. என்ற எழுத்துகளோ மூன்று சங்கிலி வளையங்களோ தெரிந்தால் ஐயமே இல்லை. அழகானவைதான், ஆனால் போர்க்களம் காணாதவை. தென்மாநிலக் கூட்டமைப்பின் சி.எஸ். எழுத்துள்ள வாள்கள் இருக்கும் திசைக்கே இப்போதைக்குப் போகாதீர்கள். அசலைவிடப் போலி அதிகமாகப் புழங்கும் பகுதி அது. மரைன் அதிகாரிகளின் மாமெலுக் எனப்படும் கிழக்கத்திய பாணி வளைந்த வாள்களிலும் தொடக்கக் காலக் கழுகுத்தலை வாள்களிலும் யானைத் தந்தக் கைப்பிடி வரலாம். 2016 முதல் கூட்டாட்சி விதிகள் தந்த வணிகத்தை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்திருக்கின்றன. நூறாண்டு கடந்த பழம்பொருளுக்கு விலக்கு உண்டு என்றாலும் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் அண்டை மாநிலமான நியூ ஜெர்சியில் சட்டம் இன்னும் கடுமை.

ஆற்றங்கரையான் எழுதியது:

850 டாலருக்கு ஒத்துக்கொண்டார். வாசகம் ஐயத்துக்குரியது என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். முறிந்த தோல் உறையை ஒட்டவைக்கலாமா? அலகு அதில் கடைசி வரை போகாமல் சற்றே வெளியில் நிற்கிறது.

உறைவாள் எழுதியது:

வாழ்த்துகள். அலகு முழுவதும் போகாதது நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் காலப்போக்கில் நீளத்தில் சுருங்கும், வேறு வாளின் உறையை மாட்டியிருந்தால் வளைவே பொருந்தாமல் போயிருக்கலாம். அழுத்தி நுழைக்க முயன்றால் முறிவு இன்னும் விரியும். கடைப் பசையும் செருப்பு எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் ஊறிய பழந்தோல் சில ஆண்டுகளில் கறுத்துப் பிசுபிசுக்கும், பிறகு அதை யாராலும் சீராக்க முடியாது. அமிலமில்லாத அட்டையைச் சுருட்டி உள்ளே தாங்கலாக வைத்து, இரு துண்டுகளும் உராயாதபடி தட்டையான பலகையில் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டிவையுங்கள். தோல் பொருள்களைப் பேணுவதில் பயிற்சி பெற்ற அருங்காட்சியகப் பணியாளர் ஒருவர் கிடைக்கும் வரை அது போதும்.